பிளாட்டியா: வல்லரசுகளுக்கு நடுவே ஒரு சிறு நகர அரசு

பிளாட்டியா, பண்டைய கிரேக்கத்தின் போயோஷியாப் பகுதியில் இருந்த ஒரு சிறு நகர அரசு. தெற்கே கிதெய்ரோன் மலை, வடக்கே அசோபஸ் ஆறு. மலைச்சரிவு சமவெளியைத் தொடும் மேட்டுநிலத்தில் நகரம் அமைந்திருந்தது. ஆற்றைக் கடந்து ஏறத்தாழ 13 கி.மீ. சென்றால் போயோஷியாவின் மிகப் பெரிய நகரமான தீப்ஸ். மலைக் கணவாயைத் தாண்டினால் ஏதென்ஸின் ஆட்சிப் பகுதியான அட்டிக்கா; ஏதென்ஸ் நகரம் தென்கிழக்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் இருந்தது. மெகாராவிலிருந்து மலையைக் கடந்து தீப்ஸுக்குச் செல்லும் பாதையும் பிளாட்டியாவின் அருகேயே சென்றது. இந்த இடமே அந்நகரத்தின் வரலாற்றைத் தீர்மானித்தது.

கி.மு. 479இல் பாரசீகருக்கு எதிராக பிளாட்டியா களமிறக்கிய கவசக் காலாட்படையினர் 600 பேர். ஏதென்ஸ் அதே போருக்கு 8,000 பேரை அனுப்பியது. இத்தனை சிறிய ஊர் கி.மு. 480, 427, 373 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை அழிக்கப்பட்டது. மூன்று முறையும் அதன் மக்கள் திரும்பிவந்து குடியேறினர். சிறு நகரங்களின் தன்னாட்சி எந்த அளவுக்கு மதிக்கப்பட்டது, எந்த இடத்தில் கைவிடப்பட்டது என்பதைக் காட்டுவதில் பிளாட்டியாவுக்கு இணையான சான்று கிரேக்க வரலாற்றில் அரிது.

தொடக்கமும் வழிபாடும்

ஹோமரின் இலியட் காவியத்தில் டிராய்ப் போருக்குக் கப்பல்கள் அனுப்பிய போயோஷிய ஊர்களின் பட்டியலில் பிளாட்டியாவின் பெயர் இருக்கிறது. போயோஷியாவின் மற்ற ஊர்களைப் போலவே பிளாட்டியாவும் தனக்கென்று வயல்நிலம், மன்றம், தெய்வம், படை ஆகியவற்றைக் கொண்டிருந்தது. ஊரின் தலைமைத் தெய்வம் ஹெரா. கிரேக்கத் தொன்மத்தில் தெய்வங்களின் அரசனான சியூசின் மனைவி அவள்.

ஹெராவுக்காக எடுக்கப்பட்ட டைடாலா விழாவைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் விரிவாக விவரித்திருக்கிறார். ஒருமுறை சியூசிடம் கோபித்துக்கொண்டு ஹெரா விலகிச் சென்றாள். சியூஸ் ஒரு மரப் பாவையைச் செய்து, மணப்பெண் போல முக்காடிட்டு வண்டியில் ஏற்றி, அசோபஸின் மகள் பிளாட்டியாவை மணக்கப் போவதாகச் செய்தி பரப்பினார். ஓடிவந்த ஹெரா முக்காட்டைக் கிழித்தாள். உள்ளே மரப் பாவையைக் கண்டு மகிழ்ந்து கணவனோடு சமாதானமானாள். இந்தக் கதையின் நினைவாகக் கருவாலி மரத்தில் பாவைகள் செதுக்கப்பட்டன. ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெருவிழாவில் போயோஷிய ஊர்கள் எல்லாம் கூடி, 14 பாவைகளைக் கிதெய்ரோன் உச்சிக்குக் கொண்டுசென்று, மரத்தாலான பலிபீடத்தோடு சேர்த்து எரித்தன. அரசியலில் போயோஷியாவிலிருந்து பிரிந்து நின்ற பிளாட்டியா வழிபாட்டில் அதன் நடுவில் இருந்தது.

ஏதென்ஸுடன் கூட்டணி

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீப்ஸ் போயோஷிய ஊர்களைத் தன் தலைமையில் ஒரு கூட்டமைப்பாகத் திரட்டத் தொடங்கியது. அதில் சேர மறுத்த பிளாட்டியா, ஸ்பார்ட்டா மன்னர் கிளியோமினீஸிடம் அடைக்கலம் கேட்டது. ஸ்பார்ட்டா தொலைவில் இருக்கிறது, உதவி வந்து சேர்வதற்குள் ஊர் அடிமைப்பட்டுவிடும், அருகிலிருக்கும் ஏதென்ஸை நாடுங்கள் என்று பதில் வந்தது. பிளாட்டியர் மீதுள்ள அக்கறையால் இந்த யோசனை சொல்லப்படவில்லை, ஏதென்ஸை போயோஷியாவோடு மோதவிடுவதே நோக்கம் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

பிளாட்டியர் அந்த யோசனையை ஏற்றனர். ஏதென்ஸில் பன்னிரு தெய்வங்களுக்குப் பலி நடந்துகொண்டிருந்தபோது, பலிபீடத்தில் அடைக்கலம் புகுந்து தங்களை ஏதென்ஸிடம் ஒப்படைத்தனர். தீப்ஸ் படையெடுத்தது, ஏதென்ஸும் படை அனுப்பியது. கொரிந்த் நகரத்தார் நடுவர்களாக நின்று எல்லை வகுத்தனர். போயோஷியக் கூட்டமைப்பில் சேர விரும்பாதவர்களைத் தீப்ஸ் வற்புறுத்தக் கூடாது என்றும் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஏதென்ஸ் படையைப் போயோஷியர் தாக்கித் தோற்றனர். அதன்பின் அசோபஸ் ஆற்றையே எல்லையாக ஏதென்ஸ் அறிவித்தது. மற்றொரு வரலாற்றாசிரியரான துசிடிடீஸின் கணக்குப்படி இந்தக் கூட்டணி ஏற்பட்டது கி.மு. 519இல், ஆண்டைச் சற்றுப் பின்தள்ளும் ஆய்வாளர்களும் உண்டு. இந்த உறவு பிளாட்டியாவுக்குப் பாதுகாப்பைத் தந்தது. அடுத்த ஊரான தீப்ஸின் தீராப் பகையையும் தந்தது.

பாரசீகப் போர்களில்

கி.மு. 490இல் பாரசீகப் படை மாரத்தான் கடற்கரையில் இறங்கியது. ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் உதவி கேட்டது; ஸ்பார்ட்டப் படை வந்துசேர்ந்தபோது போர் முடிந்திருந்தது. நேரத்துக்கு வந்தது பிளாட்டியா மட்டுமே. போரிடத் தகுந்த ஆண்கள் அனைவரும் வந்து அணிவகுப்பின் இடக்கோடியில் நின்றனர். அவர்கள் 1,000 பேர் என்று பிற்கால நூல்கள் கூறுகின்றன. அந்த வெற்றிக்குப் பின், ஏதென்ஸின் பெருவிழாக்களில் நலம் வேண்டும் அறிவிப்பாளர் ஏதேனியரோடு பிளாட்டியரின் பெயரையும் சேர்த்துச் சொல்வது வழக்கமாயிற்று.

பத்தாண்டுகள் கழித்து பாரசீக மன்னர் செர்க்சஸ் பெரும்படையோடு வந்தார். கடலையே அறியாத பிளாட்டியர், துணிச்சலை மட்டும் நம்பி ஆர்ட்டெமிசியம் கடற்போரில் ஏதென்ஸ் கப்பல்களில் துடுப்புப் பிடித்தனர். அடுத்து நடந்த சலாமிஸ் போரில் அவர்களால் கலந்துகொள்ள முடியவில்லை. குடும்பங்களை ஊரிலிருந்து வெளியேற்றப் போயிருந்தார்கள். தீப்ஸ் பாரசீகர் பக்கம் சேர்ந்தது. பிளாட்டியாவும் தெஸ்பியாவும் பணியாத ஊர்கள் என்று தீபியர் அடையாளம் காட்ட, பாரசீகப் படை கி.மு. 480இல் இரண்டையும் எரித்தது. இது முதல் அழிவு.

கி.மு. 479 கோடையில் கிரேக்கக் கூட்டுப் படையும் மர்தோனியஸ் தலைமையிலான பாரசீகப் படையும் பிளாட்டியாவின் நிலத்திலேயே எதிரெதிரே நின்றன. கிரேக்கப் படையின் தலைவர் ஸ்பார்ட்டாவின் அரசப் பிரதிநிதி பௌசானியாஸ் (பயண எழுத்தாளர் பௌசானியாஸ் வேறொருவர்). கவசக் காலாட்படையினர் மட்டும் 38,700 பேர் என்பது ஹெரோடோட்டஸின் கணக்கு. நாள் கணக்கில் யாரும் முதலில் தாக்கவில்லை. பாரசீகக் குதிரைப்படை கணவாயில் மறித்து, கிரேக்கருக்கு உணவு ஏற்றிவந்த 500 பொதிவிலங்குகளைப் பிடித்தது; படைக்கு நீர் தந்த கர்காஃபியா ஊற்றையும் பாழாக்கியது. வேறு வழியின்றி கிரேக்கர் இரவில் பின்வாங்கினர். விடிந்ததும் மர்தோனியஸ் துரத்திவந்தார். ஸ்பார்ட்டப் படையும் அதன் கூட்டாளியான டெஜியா நகரப் படையும் திரும்பி நின்று போரிட்டதில் மர்தோனியஸ் மாண்டார். இடப்புறத்தில் ஏதேனியருடன் மோதிய தீபியரில் சிறந்த வீரர் 300 பேர் விழுந்தனர்.

வெற்றியும் சத்தியமும்

இந்த வெற்றி பிளாட்டியாவைக் கிரேக்கர் அனைவருக்கும் பொதுவான புனித இடமாக்கியது. போரில் கிடைத்த பொருளைக் கொண்டு டெல்ஃபி புனிதத் தலத்தில் நிறுவப்பட்ட வெண்கலப் பாம்புத் தூணில் 31 அரசுகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. பிளாட்டியாவின் பெயரும் அதில் உண்டு. தலையிழந்த அந்தத் தூண் இன்று இஸ்தான்புலில் நிற்கிறது. வீரப் பரிசு யாருக்கு என்று ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிக்கொள்ளும் நிலை வந்தபோது, அதைப் பிளாட்டியாவுக்கே கொடுத்துப் பூசலைத் தவிர்த்தார்கள் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூடார்க் எழுதுகிறார். 80 டாலந்து (பண்டைய கிரேக்கப் பண அளவு) மதிப்புள்ள அந்தப் பங்கில் அதீனா கோயில் எழுந்தது. அதன் சிலையைச் செய்தவர் ஃபீடியாஸ். சுவரோவியம் தீட்டியவர்களுள் ஒருவர் பாலிக்னோட்டஸ். மற்றொரு ஓவியரான ஓனாசியாஸ் தீட்டியது, ஆர்கோஸ் படை தீப்ஸைத் தாக்கும் பழங்கதை. பிளாட்டியர் எந்தக் கதையைத் தம் கோயிலில் பார்க்க விரும்பினார்கள் என்பதை அந்தத் தேர்வு சொல்கிறது.

பாரசீகரால் தீட்டுப்பட்ட அடுப்புகளை அணைத்துவிட்டு, டெல்ஃபியிலிருந்து தூய நெருப்புக் கொண்டுவர வேண்டும் என்று குறி சொல்லப்பட்டது. யூகிடாஸ் என்ற பிளாட்டியர் டெல்ஃபிக்கு ஓடி, நெருப்பை எடுத்துக்கொண்டு சூரியன் மறையும் முன் ஊர் திரும்பினார். போகவும் வரவும் 1,000 ஸ்டேடியம், அதாவது ஏறத்தாழ 180 கி.மீ. ஊராரை வணங்கி, நெருப்பைக் கொடுத்துவிட்டு அங்கேயே விழுந்து உயிர்நீத்தார். அவரை ஆர்ட்டெமிஸ் கோயில் வளாகத்தில் அடக்கம் செய்தார்கள்.

அரசியலில் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஓர் உறுதிமொழி. பௌசானியாஸ் பிளாட்டியாவின் சந்தைத் திடலில் விடுதலை அளிக்கும் சியூசுக்குப் பலியிட்டு, கூட்டணியினர் அனைவரையும் சாட்சியாக வைத்து அறிவித்தார்: பிளாட்டியர் தம் நாட்டையும் நகரையும் தன்னாட்சியுடன் அனுபவிக்கலாம்; யாரும் அவர்கள்மீது அநீதியாகப் படையெடுக்கக் கூடாது; அப்படி நடந்தால் கூட்டணியினர் திரண்டு உதவ வேண்டும். பதிலுக்குப் பிளாட்டியர், போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்கு ஆண்டுதோறும் ஆடையும் விளைச்சலின் முதற்பலனும் படைக்கும் பொறுப்பை ஏற்றனர். தங்கள் பங்கை அவர்கள் கடைசிவரை நிறைவேற்றினார்கள்.

இரவுத் தாக்குதல், கி.மு. 431

அடுத்த அரை நூற்றாண்டில் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் எதிரிகளாயின. தீப்ஸ் ஸ்பார்ட்டாவின் பக்கம். பெரும் போர் மூளும் என்பது உறுதியான நிலையில், அது தொடங்கும் முன்பே பிளாட்டியாவைக் கைப்பற்ற தீப்ஸ் விரும்பியது. கி.மு. 431 வசந்தத்தின் தொடக்கத்தில், 300 பேருக்குச் சற்று அதிகமான தீபியர் முன்னிரவில் நகருக்குள் நுழைந்தனர். வாயிலைத் திறந்துவிட்டவர்கள் நௌகிளைடீஸும் அவரைச் சேர்ந்த உள்ளூர்க்காரர்களும். அதிகாரத்தைப் பிடித்து எதிரிகளை ஒழித்துக்கட்டுவது அவர்களுடைய எண்ணம்.

தீபியர் சந்தைத் திடலில் நின்று, போயோஷியரோடு சேர விரும்புவோர் வரலாம் என்று முரசறைந்தனர். இருட்டில் எண்ணிக்கை தெரியாத பிளாட்டியர் முதலில் இணங்கினர். வந்திருப்பவர்கள் சிலரே என்பது பேச்சுவார்த்தையின்போது புலப்பட்டது. தெருவில் நடந்தால் கண்ணில் படும் என்பதால், வீடுகளுக்கு இடையிலுள்ள பொதுச் சுவர்களைத் துளைத்து உள்வழியாகவே ஒன்றுகூடினார்கள். மாடுகளை அவிழ்த்துவிட்டு வண்டிகளைத் தெருவில் குறுக்கே நிறுத்தினார்கள். விடிவதற்குச் சற்று முன் பாய்ந்தனர். கூரைகளிலிருந்து பெண்களும் அடிமைகளும் கூச்சலிட்டபடி கற்களையும் ஓடுகளையும் வீசினர். இரவு முழுதும் மழை, தெருவெல்லாம் சேறு, வந்தவர்களுக்கு வழி தெரியவில்லை. திறந்திருந்த ஒரே வாயிலையும் ஒரு பிளாட்டியர் தாழ்ப்பாளில் ஆணிக்குப் பதிலாக ஈட்டியின் அடிமுனையைச் செருகி அடைத்துவிட்டார். பெருங்கூட்டம் ஒன்று, மதிலை ஒட்டிய கட்டடத்தின் கதவை நகர வாயில் என்று எண்ணி உள்ளே ஓடிச் சிக்கிக்கொண்டது.

தீப்ஸிலிருந்து வந்த துணைப்படை, மழையில் பெருகிய அசோபஸைக் கடக்கத் தாமதமாகி, எல்லாம் முடிந்த பிறகே வந்தது. பிடிபட்ட 180 பேரையும் பிளாட்டியர் கொன்றனர். படை திரும்பிச் சென்றால் கைதிகளை விடுவிப்பதாகச் சத்தியம் செய்திருந்தார்கள் என்று தீப்ஸ் குற்றம் சாட்டியது. அப்படிச் சத்தியம் செய்யவில்லை என்று பிளாட்டியர் மறுத்தனர். அவசரப்பட வேண்டாம் என்று சொல்ல ஏதென்ஸ் அனுப்பிய தூதர் வந்தபோது கைதிகள் உயிரோடு இல்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் பிளாட்டியர் தம் உயிருக்காக வாதாடியபோது இந்தக் கொலையே அவர்களுக்கு எதிரான முதன்மைக் குற்றச்சாட்டாக நின்றது. ஏதென்ஸ் உணவும் காவற்படையும் அனுப்பி, பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் சென்றது.

முற்றுகை

கி.மு. 429இல் ஸ்பார்ட்டா மன்னர் ஆர்க்கிடாமஸ் படையோடு வந்தார். பிளாட்டியர் 479இன் சத்தியத்தை அவருக்கு நினைவூட்டினர். அவர் சொன்ன வழிகள் இரண்டு. ஒன்று, யார் பக்கமும் சேராமல் நடுநிலை வகிப்பது. இல்லையெனில், எல்லைகளைக் காட்டி, வீடுகளையும் மரங்களையும் எண்ணிக் கணக்குக் கொடுத்துவிட்டு வெளியேறுவது. போர் முடிந்ததும் எல்லாம் திருப்பித் தரப்படும். மனைவி மக்கள் ஏதென்ஸில் இருந்ததால் பிளாட்டியர் அந்நகரத்தாரைக் கேட்டனர். இதுவரை கைவிட்டதில்லை, இனியும் கைவிடமாட்டோம், கூட்டணியை முறிக்காதீர்கள் என்று பதில் வந்தது. பிளாட்டியர் ஆர்க்கிடாமஸின் யோசனையை மறுத்தனர்.

நகருக்குள் மிஞ்சியிருந்தவர்கள் 400 பிளாட்டியர், 80 ஏதேனியர், ரொட்டி சுட 110 பெண்கள். எதிரில் ஸ்பார்ட்டாவின் தலைமையில் ஒரு கூட்டணியின் முழுப்படை. முற்றுகைப் படை கிதெய்ரோன் மரங்களை வெட்டிவந்து மதிலை ஒட்டி மண்மேடு எழுப்பியது. உள்ளிருந்தவர்கள் வீட்டுச் செங்கற்களைப் பெயர்த்து, மேட்டுக்கு எதிரேயிருந்த மதிலை மரச்சட்டத்தோடு உயர்த்தினர்; தீயம்புகளிலிருந்து காக்கத் தோல்களைத் தொங்கவிட்டனர். மேட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டி மண்ணை உள்ளே இழுத்தனர். மேலே கொட்டக் கொட்ட மேடு அடியில் இறங்கிக்கொண்டே போனது. மதில் வீழ்ந்தாலும் தடுப்பு இருக்க வேண்டும் என்று உட்புறம் பிறைவடிவில் இன்னொரு சுவர் கட்டினர். மதிலை முட்டிய இடிமரங்களைச் சுருக்குக் கயிறு போட்டுத் தூக்கினார்கள். சங்கிலியில் கட்டிய உத்தரங்களைப் போட்டு முனையை ஒடித்தார்கள்.

பிறகு முற்றுகைப் படையினர் சுள்ளிக் கட்டுகளைக் குவித்து, கந்தகமும் கீலும் இட்டுக் கொளுத்தினர். மனிதர் மூட்டிய நெருப்பில் அதுவரை யாரும் கண்டிராத பெருநெருப்பு அது என்கிறார் துசிடிடீஸ். எதிரிகள் எதிர்பார்த்த காற்று வீசவில்லை, நகரம் தப்பியது. அதன்பின் நகரைச் சுற்றி 16 அடி இடைவெளியில் இரட்டைச் சுவர் எழுப்பி, இருபுறமும் அகழி வெட்டி, பட்டினியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுப் பெரும்படை திரும்பியது. காவலில் பாதி போயோஷியருடையது.

தப்பிச்சென்ற 212 பேர்

கி.மு. 428 குளிர்காலத்தில் உணவு தீர்ந்துகொண்டிருந்தது. ஏதென்ஸிலிருந்து மீட்புப் படை வரும் அறிகுறி இல்லை. குறிசொல்லியான தியானெட்டஸும் படைத்தலைவர் யூபொம்பிடாஸும் முற்றுகைச் சுவரைத் தாண்டித் தப்பும் திட்டத்தை வகுத்தனர். முதலில் எல்லோரும் சம்மதித்தனர்; ஆபத்தை எண்ணிப் பாதிப் பேர் பின்வாங்கினர். ஏறத்தாழ 220 பேர் உறுதியாக நின்றனர்.

ஏணியின் உயரம் சரியாக இருக்க வேண்டும். எதிரிச் சுவரில் பூச்சுப் பூசாத ஒரு பகுதி நகரத்தை நோக்கி இருந்தது. அங்கே தெரிந்த செங்கல் வரிசைகளைப் பலர் சேர்ந்து, பலமுறை எண்ணினார்கள். ஓரிருவர் தவறினாலும் பெரும்பாலோர் கணக்கு ஒத்துப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு செங்கலின் தடிமனை வைத்து உயரத்தைக் கணக்கிட்டு ஏணி செய்தார்கள்.

நிலவில்லாத, காற்றும் மழையுமான இரவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆயுதங்கள் உரசி ஒலி எழாதபடி இடைவெளி விட்டு நடந்தார்கள். சேற்றில் வழுக்காமலிருக்க இடக்காலில் மட்டும் செருப்பு. கோபுரக் காவலர்களை வெட்டி, சுவரைக் கடந்துகொண்டிருந்தபோது ஒருவர் கைபட்டு ஓடு விழுந்தது. காவலர் விழித்துக்கொண்டனர். உடனே நகருக்குள் இருந்தவர்கள் எதிர்ப்புறத்தில் தாக்கித் திசைதிருப்பினர். தீப்ஸுக்கு ஆபத்தைத் தெரிவிக்க எதிரிகள் தீப்பந்தம் உயர்த்தினர். நகரத்தினரும் மதிலிலிருந்து முன்பே தயாராக வைத்திருந்த பந்தங்களை உயர்த்தி அந்தச் செய்தியைக் குழப்பினர். நடக்க முடியாத அளவு மெல்லிய பனிக்கட்டி படர்ந்த அகழியை நீந்தாக் குறையாகக் கடந்தவர்கள், ஏதென்ஸை நோக்கி ஓடாமல் முதலில் தீப்ஸ் சாலையில் சென்றார்கள். எதிரியின் ஊரை நோக்கி யாரும் தப்பியோடமாட்டார்கள் என்று எண்ணிய காவலர் கிதெய்ரோன் பாதையில் பந்தங்களோடு தேடினர். சாலையில் சிறிது தூரம் சென்று மலைக்குத் திரும்பிய 212 பேர் ஏதென்ஸை அடைந்தனர். அகழியில் ஒரு வில்லாளர் பிடிபட்டார். சிலர் பாதியிலேயே நகருக்குத் திரும்பியிருந்தனர்.

ஒரே கேள்வியும் தீர்ப்பும்

கி.மு. 427 கோடையில் நகரம் சரணடைந்தது. மதிலைத் தாக்கிப் பிடிக்கும் நிலையில் இருந்தும் ஸ்பார்ட்டத் தளபதி அதைச் செய்யவில்லை. பின்னாளில் சமாதானம் ஏற்பட்டு, போரில் பிடித்த ஊர்களைத் திருப்பித்தர வேண்டி வந்தால், இது தானாகச் சேர்ந்த ஊர் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. நீதி வழங்கப்படும், முறையின்றி யாரும் தண்டிக்கப்படமாட்டார்கள் என்ற வாக்கை நம்பிப் பிளாட்டியர் வெளியே வந்தனர்.

ஸ்பார்ட்டாவிலிருந்து ஐந்து நீதிபதிகள் வந்தனர். குற்றச்சாட்டு எதுவும் படிக்கப்படவில்லை. நடக்கும் போரில் ஸ்பார்ட்டாவுக்கோ அதன் கூட்டணிக்கோ ஏதாவது நன்மை செய்தீர்களா என்ற ஒரே கேள்வியைக் கேட்டார்கள். உண்மையான பதில் உயிரைப் பறிக்கும். பொய் சொன்னால் அந்த இடத்திலேயே வெளிப்படும். பிளாட்டியர் சார்பில் அஸ்டிமாகஸும் லாக்கானும் விரிவாகப் பேச அனுமதி பெற்றனர். 479இன் வெற்றி, பௌசானியாஸின் சத்தியம், தங்கள் பராமரிப்பில் இருக்கும் ஸ்பார்ட்ட வீரர்களின் கல்லறைகள் ஆகியவற்றை எடுத்துரைத்தனர். தீபியர் எதிர்வாதம் செய்து, கொல்லப்பட்ட 180 பேருக்கு நீதி கேட்டனர். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து அதே கேள்வியைக் கேட்டு, இல்லை என்று சொன்னவர்களைக் கொன்றார்கள். பிளாட்டியர் 200 பேருக்குக் குறையாமலும் ஏதேனியர் 25 பேரும் மாண்டனர், பெண்கள் அடிமைகளாக்கப்பட்டனர். பிளாட்டியா விஷயத்தில் ஸ்பார்ட்டா இவ்வளவு கடுமையாக நடந்துகொண்டது பெரும்பாலும் தீப்ஸைத் திருப்திப்படுத்துவதற்காகவே என்று துசிடிடீஸ் முடிவுரைக்கிறார். தீப்ஸ் அப்போதைய போருக்குப் பயன்படும் கூட்டாளி. பிளாட்டியாவுடன் இருந்தது ஒரு பழைய சத்தியம் மட்டுமே.

சிறிது காலத்துக்குப் பின் நகரம் அடித்தளம்வரை இடிக்கப்பட்டது. அந்தக் கல்லிலும் மரத்திலும் ஹெரா கோயிலை ஒட்டி 200 அடிச் சதுரத்தில் ஒரு சத்திரமும், ஹெராவுக்கு 100 அடியில் புதிய கற்கோயிலும் கட்டப்பட்டன. நிலம் பத்தாண்டுக் குத்தகைக்குத் தீபியரிடம் போனது. ஏதென்ஸுடன் கூட்டணி ஏற்பட்ட 93ஆம் ஆண்டில் பிளாட்டியா இவ்வாறு மறைந்தது. முற்றுகை நீடித்த காலம் முழுவதும் அதை உடைக்க ஏதென்ஸ் ஒரு படையும் அனுப்பவில்லை. ஸ்பார்ட்டாவோடு நிலத்தில் நேருக்குநேர் மோதுவதில்லை என்பது அதன் போர்த் திட்டம். அந்தத் திட்டத்தில் பிளாட்டியாவுக்கு இடமில்லை.

ஏதென்ஸில் வாழ்ந்த பிளாட்டியர்

படையனுப்பாத ஏதென்ஸ், பிழைத்தவர்களுக்குத் தன் குடியுரிமையை வழங்கியது. வேற்றூர்க் கூட்டம் ஒன்றுக்கு மொத்தமாகக் குடியுரிமை கொடுத்தது ஏதென்ஸ் வரலாற்றில் மிக அரிய நிகழ்வு. ஆர்க்கன் எனும் உயர் ஆட்சிப் பதவியும் பரம்பரைப் பூசாரிப் பொறுப்புகளும் மட்டும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. மற்ற உரிமைகள் எல்லாம் சமம். கி.மு. 406இல் ஆர்கினுசே கடற்போரில் துடுப்பு வலித்த அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தபோது, அவர்கள் பிளாட்டியர்களுக்குச் சமமாக்கப்பட்டதாக அரிஸ்டோஃபனீஸின் நாடகம் குறிப்பிடுகிறது. அந்த அளவுக்கு அந்தப் பெயர் ஒரு சட்டநிலையையே குறிக்கத் தொடங்கியிருந்தது.

ஊர் போன பிறகும் ஊர்க்கூட்டம் நிற்கவில்லை. லிசியாஸ் எழுதிய ஒரு வழக்குரை இதற்கு நேரடிச் சான்று. ஒருவன் தன்னைப் பிளாட்டியன் என்று சொல்லிக்கொள்ள, வழக்குத் தொடுத்தவர் அதைச் சரிபார்க்கிறார். மாதந்தோறும் கடைசி நாளில் பச்சைப் பாலாடைக்கட்டி விற்கும் சந்தையில் பிளாட்டியர் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போய் விசாரிக்கிறார். அவனை அங்கே யாருக்கும் குடிமகனாகத் தெரியவில்லை. ஒருவர் மட்டும், பிளாட்டியர் அல்ல, தன்னிடமிருந்து ஓடிப்போன அடிமை என்கிறார். மதிலும் மன்றமும் இல்லாத நிலையில் பிளாட்டியாவின் குடிப்பதிவேடாக அந்தச் சந்தைக் கூட்டமே இருந்திருக்கிறது.

இந்த அகதி வாழ்வில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. கி.மு. 421இல் ஏதென்ஸ், தன்னை எதிர்த்துக் கிளர்ந்த ஸ்கியோனி நகரைப் பிடித்து, வயதுவந்த ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கி, வெறுமையான நிலத்தைப் பிளாட்டியருக்குக் கொடுத்தது. தங்கள் ஊருக்கு நேர்ந்த அதே கொடுமையால் காலியான இன்னொரு ஊரில் பிளாட்டியர் குடியேறினார்கள். போரில் ஏதென்ஸ் தோற்றபின் ஸ்பார்ட்டத் தளபதி லைசாண்டர் எஞ்சிய ஸ்கியோனியரை மீண்டும் அங்கே குடியமர்த்தினார்.

மீள்வும் மீண்டும் அழிவும்

கி.மு. 386இல் பாரசீக மன்னர் வகுத்த சமாதானம் எல்லாக் கிரேக்க நகரங்களும் தன்னாட்சியோடு இருக்க வேண்டும் என்றது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு ஸ்பார்ட்டாவிடம் இருந்தது. இப்போது தீப்ஸ் ஸ்பார்ட்டாவுக்கு எதிரி; ஆகவே பிளாட்டியாவை இடித்த அதே ஸ்பார்ட்டா அதை மீண்டும் கட்டியெழுப்பியது.

தீப்ஸ் வலுப்பெற்றதும் கி.மு. 373இல் கதை திரும்பியது. தீப்ஸின் மக்கள் மன்றம் கூடினால் நெடுநேரம் நடக்கும் என்பதை அறிந்த பிளாட்டியர், அது கூடும் நாட்களில் மட்டும் அச்சமின்றி வயலுக்குச் செல்வது வழக்கம். இதைக் கவனித்த தீப்ஸ் அதிகாரி நியோகிளீஸ், மன்றம் கூடிய நாளன்று படையோடு சுற்றுவழியில் வந்து, வயலில் இருந்தவர்களுக்கும் மதிலுக்கும் இடையில் நின்றுவிட்டார். ஆண்கள் ஓர் ஆடையோடும் பெண்கள் இரண்டு ஆடையோடும் வெளியேறும் உடன்பாட்டில் ஊர் காலியானது. கோயில்கள் தவிர மற்றவை இடிக்கப்பட்டன. மக்கள் மீண்டும் ஏதென்ஸுக்குச் சென்றனர். பேச்சுக்கலை ஆசிரியர் ஐசாக்ரடீஸின் 'பிளாட்டியர் உரை' இந்த வெளியேற்றத்தையொட்டி, ஏதென்ஸ் மன்றத்தில் ஒரு பிளாட்டியர் பேசுவதாக எழுதப்பட்டது.

கி.மு. 338இல் கைரோனியா போரில் மகதோனியா மன்னர் பிலிப் தீப்ஸையும் ஏதென்ஸையும் வென்றார். தீப்ஸை ஒடுக்க, அதன் பழைய எதிரிகளை அவர் மீட்டெடுத்தார். பிளாட்டியரும் ஊர் திரும்பினர். கி.மு. 335இல் தீப்ஸ் கிளர்ந்தபோது பிலிப்பின் மகன் அலெக்சாண்டர் அதைப் பிடித்தார். அதன் கதியைத் தீர்மானித்த கூட்டாளிகளில் பிளாட்டியரும் இருந்தனர். தீப்ஸ் தரைமட்டமாக்கப்பட்டது, பிளாட்டியாவின் மதிலை மீண்டும் கட்டத் தீர்மானமாயிற்று. கௌகமேலாவில் பாரசீகரை வென்ற பின், கிரேக்க விடுதலைப் போருக்கு இடம் கொடுத்தவர்களின் ஊர் என்ற காரணத்தைச் சொல்லி, அதைப் புதுப்பிக்கப் போவதாக அலெக்சாண்டர் எழுதினார் என்று புளூடார்க் கூறுகிறார்.

நினைவைக் காத்த நகரம்

அரசியல் வலிமை இல்லாத பிளாட்டியாவுக்குப் பின்னைய நூற்றாண்டுகளில் 479இன் நினைவே வாழ்வாதாரமாயிற்று. கிரேக்கர்களின் பொது அவை இங்கே கூடியது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுதலை விழாப் போட்டிகள் நடந்தன. கவசம் அணிந்து ஓடும் ஓட்டத்தில் வென்றவருக்குக் 'கிரேக்கரில் தலைசிறந்தவர்' என்ற பட்டம் கிடைத்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, ஏதென்ஸைச் சேர்ந்த கிளௌக்கானை இந்த அவை சிறப்பித்ததைப் பதிவு செய்கிறது. விடுதலை தரும் சியூசோடு கிரேக்கரின் ஒற்றுமையும் ஒரு தெய்வமாக வழிபடப்பட்டதை அதிலிருந்து அறிகிறோம். அதே நூற்றாண்டின் பயண எழுத்தாளர் ஹெராக்ளைடீஸ், தாங்கள் ஏதென்ஸின் குடியேறிகள் என்பதையும் பாரசீகரோடான போர் தங்கள் ஊரில் நடந்தது என்பதையும் தவிரப் பிளாட்டியருக்குப் பேச வேறொன்றும் இல்லை என்று குறிப்பிடுகிறார்.

இறந்தோருக்கான ஆண்டுச் சடங்கு கி.பி. 100ஐ ஒட்டிய காலத்திலும் நடந்தது. அது தம் காலத்திலும் தொடர்வதாகப் புளூடார்க் எழுதுகிறார். விடியலில் கொம்பு ஊதுபவர் முன்செல்ல ஊர்வலம் புறப்படும். பின்னால் மாலைகள் நிறைந்த வண்டிகள், ஒரு கறுப்புக் காளை, திராட்சை மதுவும் பாலும் எண்ணெயும் நறுமணத் தைலமும் சுமக்கும் இளைஞர்கள். இறந்தவர்கள் விடுதலைக்காக மாண்டவர்கள் என்பதால் இந்தப் பணியில் அடிமைகளுக்கு இடமில்லை. மற்ற நாட்களில் வெள்ளை உடை மட்டுமே அணிந்து, இரும்பையே தொடாத நகரத் தலைவர் அன்று செந்நீல அங்கி அணிந்து, கையில் வாளும் நீர்க்குடமும் ஏந்தி நடப்பார். ஊற்றில் நீர் எடுத்துக் கல்லறைத் தூண்களைத் தம் கையால் கழுவி, தைலம் பூசி, காளையைப் பலியிட்டு, மாண்ட வீரர்களை விருந்துக்கு அழைப்பார். பிறகு மதுவைக் கலந்து அவர்கள் பெயரால் அருந்துவார். நகரம் மும்முறை அழிந்தும், போருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலான பிறகும் அந்தக் கடமை பிளாட்டியர் கையிலேயே இருந்தது.

பிற்காலமும் அகழாய்வும்

ரோமர் ஆட்சியில் விடுதலை விழா தொடர்ந்தது. ஊர்வலத்தில் முன்னே செல்லும் உரிமை ஏதென்ஸுக்கா ஸ்பார்ட்டாவுக்கா என்று இரு நகரங்களின் பேச்சாளர்களும் இங்கே சொற்போர் நடத்தினர். பயண எழுத்தாளர் பௌசானியாஸ் வந்தபோது ஏதேனியருக்கும் ஸ்பார்ட்டருக்கும் தனித்தனிக் கல்லறைகளும், மற்றக் கிரேக்கருக்குப் பொதுக் கல்லறையும், ஹெரா கோயிலில் சிற்பி பிராக்ஸிடிலீஸின் சிலைகளும் இருந்தன. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் மதிலைப் புதுப்பித்ததாக வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார்.

இன்று பிளாட்டியேஸ் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் கோக்லா சிற்றூரை ஒட்டி இடிபாடுகள் பரவிக் கிடக்கின்றன. 1889 முதல் 1891 வரை ஏதென்ஸிலுள்ள அமெரிக்கத் தொல்லியல் பள்ளி இங்கே அகழ்ந்தது. பேரரசர் டயோக்ளீஷியனின் விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் முகவுரைத் துண்டு ஒன்று அப்போது கிடைத்தது. பெரிய கோயில் ஒன்றின் அடித்தளமும் வெளிப்பட்டது. பிற்காலப் புவியியற்பியல் ஆய்வுகள், மண்ணுக்கடியில் செங்கோணங்களில் வெட்டிக்கொள்ளும் தெருக்களைக் கொண்ட திட்டமிட்ட நகரமைப்பைக் காட்டின. இன்று கண்ணுக்குத் தெரியும் மதில்களில் பெரும்பகுதி கி.மு. 4ஆம் நூற்றாண்டையும் அதன் பிற்காலத்தையும் சேர்ந்தது. துசிடிடீஸ் விவரித்த சிறு நகரம் அவற்றுக்குள் அடங்கிப்போன ஒரு பகுதி மட்டுமே.

பிளாட்டியா காட்டும் உண்மை

கொரிந்த்தின் தீர்ப்பு, பௌசானியாஸின் சத்தியம், 386இன் சமாதானம் ஆகிய மூன்றும் பிளாட்டியாவின் தன்னாட்சியை எழுத்திலும் சொல்லிலும் ஏற்றன. மூன்றும், அவற்றைக் காப்பது ஒரு வல்லரசுக்கு இலாபமாக இருந்த வரையே நிலைத்தன. ஸ்பார்ட்டா அந்நகரை இடித்ததும் பிறகு கட்டியதும் தீப்ஸைப் பொறுத்து எடுத்த முடிவுகள். பிலிப்பும் அலெக்சாண்டரும் மீட்டதும் அவ்வாறே. ஆனால் ஒவ்வொரு முறையும் மீட்கப்படுவதற்கு ஒரு மக்கள்கூட்டம் சிதையாமல் இருந்தது என்பது வல்லரசுகளின் தயவால் நடந்ததல்ல. ஏதென்ஸின் குடியுரிமை கிடைத்த பிறகும் தம்மைப் பிளாட்டியர் என்றே அழைத்துக்கொண்டு, மாதந்தோறும் கூடி, யார் நம்மவர் என்று அறிந்து வைத்திருந்தவர்கள் அதற்குக் காரணம். கிரேக்கர் நகர அரசு என்று சொன்னது மதிலையும் மண்ணையும்விடக் குடிமக்களின் கூட்டையே என்பதைப் பிளாட்டியாவின் வரலாறு நிறுவுகிறது.